மூன்றாவது மாடிப் பச்சை

நாலாவது மாடியில் அடிக்க வேண்டிய கரும்பச்சையை மூன்றாவது மாடியில் அடித்துவிட்டான் பிசிறு. ஒரு மூலையில் கை தவறித் தடவியிருந்தால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். இவன் அடித்தது கூடம் முழுக்க, நாலு சுவருக்கும், ரெண்டு பூச்சு. ஜன்னலோரம், கதவோரம், சுவிட்சைச் சுற்றி என்று எல்லா இடத்திலும் டேப் ஒட்டி, மயிரிழை பிசகாமல். தப்புப் பண்ணுவதென்றால் இவ்வளவு சுத்தமாகப் பண்ண வேண்டும் என்று தொழில் கற்றுக்கொள்கிறவர்களைக் கூட்டி வந்து காட்டலாம்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா வந்து வாசலில் நின்றாள். ஓய்வு பெற்ற நர்ஸ். கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமலே சுவரைப் பார்த்தாள்.

"தம்பி, இது என்ன?"

"கரும்பச்சைம்மா."

"அது தெரியுது. என் வீட்டுல இது என்ன பண்ணுது?"

பிசிறு வெளியே போய்க் கதவுக்கு மேலே பார்த்தான். பெரிதாக எண் எழுதியிருந்தது. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

"வேலையில சேந்த நாள்லேர்ந்து வீட்டுக்கு அனுப்புன நாள் வரைக்கும் இந்தப் பச்சையைத்தான் பாத்தேன்," என்றாள் நர்ஸம்மா. "வார்டுத் திரை, டாக்டர் அங்கி, டேபிள் மேல போடுற துணி, எல்லாம் இதே பச்சை. ஒரு மஞ்சள் சுவரைப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காரணும்னுதான் நான் இந்த வீட்டையே வாங்கினேன்."

"வெளிர் மஞ்சளாம்மா?"

"உங்கப்பா கிட்ட அட்டையில தொட்டுக் காட்டினேனே, அந்த மஞ்சள்."

பச்சைக்கு மேலே மஞ்சள் அடிப்பது என்றால் என்னவென்று பெயிண்ட்காரனைக் கேட்டால் தெரியும். மஞ்சள் எதையும் மூடாது. வெட்கங்கெட்ட நிறம் அது, அடியில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். தேய்க்க வேண்டும், பிரைமர் என்கிற வெள்ளை அடிப்பூச்சை ரெண்டு முறை ஓட்ட வேண்டும், அதற்கு அப்புறம்தான் மஞ்சளைப் பற்றி நினைக்கவே முடியும்.

அப்பா வந்தார். லிஃப்ட் இன்னும் ஓடாத கட்டடம். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்று நாலு சுவரையும் பார்த்தார்.

"எப்ப சரியாகும் மேஸ்திரி?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்? இந்த வாரமா, அடுத்த வாரமா?"

"அதைத்தாம்மா பாக்கலாம்னேன்."

நர்ஸம்மா போன பிறகு அப்பா மகன் பக்கம் திரும்பினார். "நாலாவதுன்னு சொல்லித்தானே அனுப்பினேன். மூணாவதுல உனக்கு என்ன இருந்துச்சு?"

உள்ளே சமையலறையில் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்த டைல்ஸ் வெட்டுகிற மெஷின் சட்டென்று நின்றது.

என்ன இருந்தது என்றால், டைல்ஸ்காரன் இருந்தான். பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினால் மனுசனுக்கு மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். அந்தக் கால் எங்கே போக ஆசைப்பட்டதோ அங்கே போய் நின்றுவிட்டது. சமையலறையில் அவன் ஓடு பதிக்க, கூடத்தில் இவன் ரோலர் உருட்ட, நடுச்சுவர் வழியாக நாளெல்லாம் பேச்சு. இடையில் ஒருமுறை அவன் எட்டிப் பார்த்து, "என்னடா, காட்டுக்குள்ள குடியிருக்கப் போறாங்களா?" என்றுகூடக் கேட்டான். "பணக்காரங்க ரசனை உனக்கென்ன தெரியும்," என்று இவன் பதில் சொன்னான். அவ்வளவு தெளிவு.

"கவனம் தப்பிடுச்சுப்பா," என்றான் பிசிறு இப்போது.

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். உப்புத்தாளை எடுத்து மகன் கையில் கொடுத்தார். "தேய்," என்றார்.

பிசிறு என்பது சின்ன வயதில் அப்பா வைத்த பேர். முதன்முதலாகப் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தபோது ஓரமெல்லாம் அவ்வளவு பிசிறு. இப்போது இவனைப் போல நேர்க்கோடு இழுக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்றாலும் பேர் காய்ந்த பெயிண்ட் மாதிரி அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்பாவுக்கும் ஒரு பேர் உண்டு: பாக்கலாம் மேஸ்திரி. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மனுசன் வாயிலிருந்து ஆமா, இல்லை என்ற ரெண்டு வார்த்தை வந்து கேட்டவர்கள் கிடையாது. மழை வருமா என்றால் "வரணும்னு இருந்தா வரும்." சாப்பாட்டில் உப்பு சரியா என்றால் "போட்டது நீதானே." கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் பாக்கலாம் என்றுதான் சொன்னார் என்றும், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றும் அம்மா சொல்லுவாள்.

அந்த வாய்தான் இப்போது வீட்டுக்கு வினை கொண்டு வந்திருந்தது. பெயிண்ட் கடைக்காரர் அப்பாவுக்குப் பழைய சினேகிதர். அவருக்கு ஒரு மகள், படித்த பெண், கடையை அவள்தான் நிமிர்த்தி நடத்துகிறாள். ஒரு நாள் கடைக்காரர், "உன் பையனுக்கு என் பொண்ணைக் குடுத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பாக்கலாம் என்றிருக்கிறார். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பிசிறு வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் அப்பாவோடு சேர்ந்து ஏறுகிற ஏணி இருக்குமா, உட்கார்ந்து சாப்பிடுகிற மேஜை இருக்குமா என்று தெரியாது. திறக்காவிட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் தப்பான நிறத்தை அடித்தாக வேண்டும். அதைத் தேய்த்து எடுக்க உப்புத்தாள் கிடையாது.

அப்பா எதிர்பார்த்த மகன் வேறு மாதிரி. அவர் வாலிபத்தில் கால்பந்து விளையாடினவர், முன்வரிசை ஆள். மகனையும் கொண்டுபோய்க் குழுவில் சேர்த்தார். அவர்கள் இவனை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஓடத் தேவையில்லாத இடம் என்று கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினார்கள். பந்து வரும்போது இவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவான். அப்பா வாராவாரம் வலைக்குப் பின்னால் நிற்பார். எதிர்க்குழுப் பையன்கள் சொல்லுகிற கேலியெல்லாம் இவன் காதைத் தாண்டி அவர் காதிலும் விழும். ஒரு நாள் வலை வழியாகவே மெதுவாகச் சொன்னார்: "கால் வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்துடு."

"வலிக்கலப்பா."

"வலிக்கும். சொல்லு."

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் பந்துப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பதினைந்து வயதில் இவனுக்கு விஷயம் புரிந்தது. புரிந்த இடம் ஏணியின் உச்சி. கீழே குழாய் வேலைக்காரரின் உதவியாள் சட்டையைக் கழற்றி முகம் துடைத்தான். மேலே பிசிறு அதைப் பார்த்தான். அடுத்த நொடி மேலே இல்லை, கீழே பிரைமர் வாளிக்குள் இருந்தான். ஞானம் வருகிறவர்களுக்கு மரத்தடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போது வருகிறது, இவனுக்கு ஏணியில். "எதைப் பாத்துட்டு விழுந்த?" என்று அப்பா கேட்க, "பல்லி" என்றான். அன்றிலிருந்து எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அப்பா முதலில் துடைப்பத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பல்லியெல்லாம் விரட்டிவிட்டுத்தான் மகனை ஏணி ஏறவிடுவார்.

அன்று சாயங்காலம் பச்சைத் தூசியோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அத்தனை பிள்ளைகளுக்கு ஆக்கின கை என்பதால் மூன்று பேர் இருக்கிற வீட்டிலும் குண்டான் நிறைய ஆக்கிவிடுவாள். அப்பா குளிக்கப் போயிருந்தார்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை வேண்டாம்மா."

"ஏன், அன்னைக்கும் வேற யாரு வீட்டுக்காவது பச்சை அடிக்கணுமா?"

"விளையாடாதம்மா. எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி எண்ணமே வரலம்மா. எந்தப் பொண்ணு மேலயும்."

அம்மா கையிலிருந்த கிழங்கைச் சுற்றி உரித்து முடித்தாள். தோல் ஒரே நாடாவாக விழுந்தது.

"டைல்ஸ்காரந்தானே?" என்றாள்.

பிசிறு குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நம்ம குளியலறைத் தரை போட வந்தான்ல. அன்னைக்கு நீ தலை சீவினடா. நல்ல நாள் பொழுதுக்குக்கூடச் சீப்பைத் தேடாத பய, தரை போட வந்தவனுக்கு டீ குடுக்கத் தலை சீவிக்கிட்டுப் போனா, நான் என்ன கண்ணு தெரியாதவளா?"

"அழலியாம்மா நீ?"

"அழுதேன். பள்ளிக்கூடத்துல வெங்காயம் உரிக்கிறப்ப அழுதேன். அங்க அழுதா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க பாரு. மூட்டை காலியாச்சு, அழுகையும் முடிஞ்சுது." அடுத்த கிழங்கை எடுத்தாள். "தட்டைக் கழுவு."

"அப்பாவுக்கு?"

"அதை நீதான் அவர்கிட்ட கேக்கணும். எனக்கு வர்ற பதில்தான் உனக்குத் தெரியுமே." கத்தியைக் கீழே வைத்தாள். "உன் மாமா வீடு ஏன் பாதி மஞ்சளும் பாதி சிமெண்டுமா நிக்குதுன்னு தெரியுமா?"

"பெயிண்ட் தீந்துடுச்சுன்னு சொன்னாரு."

"இவரு அங்க பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தப்ப என் தம்பி உன் நடையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான். நீ அங்க இல்ல. இந்த மனுசன் ஒண்ணும் பதில் பேசல. பிரஷ்ஷைக் கழுவினாரு, ஏணியை மடக்கினாரு, வந்துட்டாரு. பாதிச் சுவர்ல நிறுத்திட்டு வந்தவருதான், இன்னும் போகல. எப்ப வந்து முடிப்பீங்க மாமான்னு அவன் போன் பண்றப்பல்லாம் 'பாக்கலாம்'கிறாரு."

பிசிறு தட்டைக் கழுவினான். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தப் பாதி வீட்டைத் தாண்டி எத்தனை தடவை சைக்கிளில் போயிருக்கிறான். அப்பாவின் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சி என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறான்.

மறுநாள் காலையில் அப்பாவும் மகனும் மட்டும் மூன்றாவது மாடிக் கூடத்தில். சமையலறையில் டைல்ஸ்காரன். அப்பா வழக்கம்போலத் துடைப்பத்தை எடுத்து ஒரு சுற்று வந்தார். ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார்கள், காயவிட்டார்கள், பிரைமரைக் கலக்கினார்கள். வெளியே மூட்டமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்று, மூடினால் பிரைமர் நெடி. பாதி திறந்து வைத்தார்கள்.

ரோலர் பச்சைமேல் ஏறி இறங்கியது. பச்சை மங்கி, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆனது.

"அப்பா."

"ம்."

"நேத்து கேட்டீங்கல்ல, மூணாவதுல என்ன இருந்துச்சுன்னு."

"கேட்டேன்."

"டைல்ஸ்காரன் இருந்தான்."

"டைல்ஸ்காரன் டைல்ஸ் ஒட்டுற இடத்துல இல்லாம எங்க இருப்பான்?"

"அதில்லப்பா. அவன் இங்க இருந்ததாலதான் என் காலு இங்க வந்துச்சு. எனக்கு அவனைப் பிடிக்கும். கூடவே இருந்து வாழ்ந்துடலாம்னு ஒருத்தர் மேல தோணும்ல, அப்படிப் பிடிக்கும். அவனுக்கும் அப்படித்தான். பொண்ணுங்க கிட்ட எனக்கு அது வந்ததே இல்ல, சின்ன வயசுலேர்ந்தே. கடைக்காரர் பொண்ணு நல்ல பொண்ணுப்பா. அதை ஏமாத்த என்னால முடியாது."

சொல்லி முடித்ததும் பிசிறு காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். நல்லவேளை, தரையில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அப்பாவின் ரோலர் மேலே போய்க் கீழே வந்தது. "அந்த மூலையில வழியுது பாரு," என்றார்.

பிசிறு வழிந்ததைத் துடைத்தான்.

"அப்போ அன்னைக்கு ஏணியிலேர்ந்து விழுந்தியே?" என்றார் அப்பா திடீரென்று.

"அது... குழாய்க்காரரோட உதவியாளுப்பா. சட்டையக் கழட்டினான்."

"பல்லி இல்லியா?"

"இல்லப்பா."

"பல்லிக்குப் பயமே கிடையாதா உனக்கு?"

"கிடையாதுப்பா."

அப்பா ரோலரைத் தட்டில் வைத்தார். மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். "இத்தனை வருஷமா பல்லி விரட்டியிருக்கேன்டா நான்," என்றார். "ஒவ்வொரு வீட்டுலயும். ஒரு வீட்டுக்காரம்மா எனக்குக் கிறுக்குன்னே முடிவு பண்ணிட்டாங்க."

சமையலறையில் யாரோ சிரிப்பை அடக்க இருமுவது கேட்டது.

"நான் சொன்னதுக்கு என்ன சொல்றீங்கப்பா?"

"பாக்கலாம்," என்றார் அப்பா, ரோலரை எடுத்தார்.

மத்தியானம் அம்மா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். வேகவைத்த கிழங்கும் முட்டையும் ரொட்டியும் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே போதும். அப்பா சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, இங்க வந்து சாப்பிடு."

டைல்ஸ்காரன் முழங்காலில் சிமெண்டோடு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். வெயிலில் நிற்கிறவன் மாதிரி வியர்த்திருந்தது. அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டார். உட்கார்ந்தான். மூன்று பேரும் கொஞ்ச நேரம் ரொட்டியை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"முட்டி வலிக்குமா உனக்கு?" என்றார் அப்பா.

"வலிக்கும் மேஸ்திரி. குளிர்ல ரொம்ப."

"டைல்ஸ்காரனுக்கு முதல்ல போறது முட்டிதான். பெயிண்ட்காரனுக்குத் தோள்பட்டை." முட்டையை உடைத்து அவன் தட்டில் பாதி வைத்தார். "வயசாச்சுன்னா ஒருத்தனுக்குக் குனிய முடியாது, இன்னொருத்தனுக்கு எட்டி எடுக்க முடியாது. ஒரே வீட்டுல இருந்தா கீழ விழுந்ததைப் பெயிண்ட்காரன் எடுப்பான், மேல இருக்கிறதை டைல்ஸ்காரன் எடுப்பான். சமாளிச்சுக்கலாம்."

டைல்ஸ்காரன் மெல்லுவதை நிறுத்திவிட்டு பிசிறைப் பார்த்தான். பிசிறு அப்பாவைப் பார்த்தான். இது ஆசீர்வாதமா, வைத்திய ஆலோசனையா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அவர் கிழங்குக்கு மிளகு தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. பெயிண்ட் கடைக்காரர். அவருக்கு போனே தேவையில்லை, கத்தினாலே கேட்கும்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க? சமையலுக்குச் சொல்லணும்ப்பா."

அப்பா வாயைத் திறந்தார். அதிலிருந்து என்ன வரும் என்று பிசிறுக்குத் தெரியும். அந்த ஒரு சொல் போதும், ஞாயிற்றுக்கிழமை நடந்துவிடும், அதற்கப்புறம் மற்றதும் நடந்துவிடும்.

"நாங்க வரலப்பா," என்றார் அப்பா.

"என்னது?"

"வரல. இந்தச் சம்பந்தம் வேண்டாம். என் பையனுக்கு இஷ்டமில்ல. எனக்கும் இல்ல. நீ கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாயில வரல. தப்பு என்னோடது. உன் பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. இல்ல, வேண்டாம், நானே நேர்ல வந்து கேக்கறேன்."

அந்தப் பக்கம் சத்தம் உயர்ந்தது. நம்பிக்கை, மரியாதை, இத்தனை வருஷப் பழக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "திட்டு," என்றார் இடையில் ஒரு தரம். "நியாயம்தான். திட்டு." கடைசியில் அந்தப் பக்கமே வைத்துவிட்டது.

அப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "மஞ்சளை இனிமே வேற கடையில வாங்கணும்," என்றார். எழுந்து கை கழுவப் போனார்.

டைல்ஸ்காரன் அப்பா வைத்த பாதி முட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "டேய்," என்றான் மெதுவாக, "எங்கப்பா வீட்டை விட்டுப் போடான்னு சொல்றதுக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. பளிச்சுன்னு பதில் வந்துச்சு." முட்டையை வாயில் போட்டுக்கொண்டான். "உங்கப்பா யோசிக்கட்டும்டா. எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கட்டும்."

சாயங்காலத்துக்குள் ரெண்டாவது பிரைமரும் ஏறி, கூடம் வெள்ளையாகிவிட்டது. டைல்ஸ்காரன் முன்னாலேயே போய்விட்டான். அப்பாவும் மகனும் வாளி, ரோலர், பிரஷ்ஷை எல்லாம் கீழே இறக்கிக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடியில் வைத்துக் கழுவினார்கள். லேசாகத் தூறியது. அப்பா ரோலரைப் பிழிய, பிழிய, பாலும் பச்சையுமாகத் தண்ணீர் ஓடியது.

பிசிறு பக்கத்தில் குந்தினான். கோல் கம்பம், பாதி வீடு, துடைப்பம், இன்று மத்தியானத்து போன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. இத்தனையும் செய்த மனுசனுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போவதுதான் மரியாதை. ஆனால் கேட்காமல் போனால் இந்த ஒன்று ஈரச் சுவர் மாதிரி உள்ளேயே ஓதம் பிடித்துக் கிடக்கும் என்றும் தோன்றியது.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

"கேளு."

"நான் இப்படி இல்லாம இருந்திருக்கலாம்னு நினைச்சிருக்கீங்களா? நீங்க ஆசைப்பட்ட மாதிரி வேற ஒரு பையனா?"

அப்பா குழாயை மூடினார். ரோலரை உதறிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார், விரல் விரலாக.

"நினைச்சிருக்கேன்," என்றார். "நெறைய நினைச்சிருக்கேன்டா. நான் வளத்ததுல ஏதோ தப்புன்னுகூட நினைச்சேன். ஒரு நாள் தனியா கட்டடச் சாரத்துல உக்காந்திருந்தேன். சரி, அந்த வேற பையன் எப்படித்தான் இருப்பான், கண்ணு முன்னாடி கொண்டு வந்து பாத்துடுவோம்னு கண்ணை மூடிப் பாத்தேன். எவ்வளவோ பாத்தேன். அவனுக்கு மூஞ்சியே வரல. உன் மூஞ்சிதான் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் நினைக்கல."